மௌனம் எண் பதினாலு

முதல் மணிக்கு அவர் கதவைத் திறந்ததாகச் சரித்திரம் இல்லை.

ரொறன்ரோவில், மோர்னிங்சைட் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் பதினோராம் மாடி. நான் படமெடுக்க முதன்முதலாகப் போனபோது இந்தப் பழக்கம் எனக்குத் தெரியாது. கமரா, அதன் முக்காலி, விளக்கு, இரண்டு பை எல்லாவற்றையும் தோளில் கொழுவிக்கொண்டு அழைப்புமணியை அமத்தினேன். சத்தமில்லை. உடனே இன்னொருமுறை அமத்தினேன். எழுபத்துமூன்று வயது, தனியாக இருக்கிறார் என்று நூலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்து விநாடிக்குள் என் மூளை தன் வழக்கமான வேலையைச் செய்து முடித்துவிட்டது. மனுசி உள்ளே விழுந்து கிடக்கிறார். கடைசியாக வந்தவன் நான். பொலிஸ் வரும். மணியில் என் கைரேகை இருக்கிறது. சட்டை நுனியால் மணியைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

உயரமான மனுசி. தலையில் ஊதாத் துணி சுற்றியிருந்தார். என்னையும் என் சட்டை நுனியையும் மாறிமாறிப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டு, ஊர் பேர் சொல்லி, அன்றைய குளிரைப் பற்றியும் கதைத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"முதல் மணி எனக்கில்லை தம்பி. அது அடிக்கிற ஆளின்ரை அவசரத்துக்கு. ரெண்டாவதுதான் எனக்கு. நீ ரெண்டையும் ஒண்டாய் அடிச்சுப்போட்டாய். அதுதான் மூண்டாவது வருமோ எண்டு கதவுக்குப் பின்னாலை நிண்டனான்."

அவர் இதைச் சொன்னது ஜமெய்க்கா ஆங்கிலத்தில். அதில் பாதி எனக்கு விளங்காது. விளங்கின பாதி எப்படியோ என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். ஆகையால் விழுந்தபடியே எழுதுகிறேன். நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன். அவருடைய தீவிலும் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இரண்டு தீவுக்காரருக்கும் நடுவில் ஆரம்பத்திலேயே பேசாமல் முடிந்துபோன ஒரே விஷயம் அதுதான்.

பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதை அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். படத்தில் பெயர் இருக்கிறது, அது போதும். நீ எழுதப்போகிற கதையில் பாதி பொய்யாயிருக்கும், அதில் என் பெயர் எதற்கு என்று கேட்டார். பொய் பாதியில்லை, கால்வாசிதான் என்று நான் பேரம் பேசிப் பார்த்தேன். பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை. இப்போது அவர் குளிர் போதும் என்று தங்கையோடு சூடான ஊரில் இருக்கிறார். பதில் வழியில் இருக்கலாம்.

எல்லாவற்றிலும் முதல் அடியை விட்டுவிடுகிறவர் அவர். எலிவேற்றர் கதவு திறந்தால் உடனே ஏறமாட்டார். அது திறந்தபடி நிற்பதை ஒருதரம் பார்ப்பார். அவரோடு நின்று நான் மூன்று எலிவேற்றர்களைத் தவறவிட்டிருக்கிறேன். தெருவைக் கடக்கச் சொல்லி சிக்னலில் வெள்ளை மனிதன் எரிந்தாலும் ஒரு மூச்சு நிற்பார். பின்னால் வருகிறவர்கள் அவருடைய முதுகில் மோதி மன்னிப்புக் கேட்பார்கள். சாப்பாடு வைத்தால் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஆறிப்போகும் அன்ரி" என்றால், ஆறுகிறவரைக்கும் பார்த்துவிட்டுச் சாப்பிடுவார்.

இதெல்லாம் வயதால் வந்தது என்று நினைத்தேன். இல்லை, தொழிலால் வந்தது. அவர் தன் தீவின் ரெகே இசையில் பேஸ் கிற்றார் வாசித்தவர். பாட்டைக் கேட்கும்போது காதால் அல்லாமல் அடிவயிற்றால் கேட்கிறோமே ஒரு 'டும்', அது பேஸ். அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் ஒரு பெண் மேடையில் பாடலாம், பின்னால் நின்று ஆடலாம். பேஸ் வாசிப்பதை ஒருவரும் கண்டதில்லை. ஒருமுறை நிகழ்ச்சி நடத்துகிறவர் இவரை யாரோ வாத்தியக்காரனின் மனைவி என்று நினைத்து, பேஸ்காரன் வரும்வரை இதைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று கிற்றாரைக் கையில் கொடுத்திருக்கிறார். "பிடிச்சனான் தம்பி. ரெண்டு மணித்தியாலம் பிடிச்சனான். கடைசிப் பாட்டு முடிய, இந்தாங்கோ எண்டு திருப்பிக் குடுத்தன்."

ரெகேயில் நாலு எண்ணினால், ஒன்று வருகிற இடத்தில் பல பாட்டுகளில் ஒன்றுமே இருக்காது. மற்ற இசைக்காரர்கள் ஓங்கி அடிக்கிற அந்த இடத்தை இவர்கள் வெறுமையாக விட்டுவிடுவார்கள். எனக்கு அதைக் கைதட்டிப் பழக்கப் பார்த்தார். நான் ஒவ்வொரு முறையும் ஒன்றிலேயே தட்டினேன். அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "நீ வேளைக்கு வந்திட்டாய். திரும்பிப் போட்டு வா" என்றார். என் பிழையா அது? நான் வளர்ந்தது கெட்டிமேளத்தில். தாலி கட்டுகிற நேரத்தில் ஒருவர் தும்மினாலும் கேட்கக்கூடாது என்று மேளத்தையும் நாதஸ்வரத்தையும் ஒன்றாக அவிழ்த்துவிடுகிற சாதிசனம் நாங்கள். முக்கியமான இடம் என்றால் அதை நிரப்பவேண்டும். இவருக்கோ, முக்கியமான இடம் என்றால் கையை எடுக்கவேண்டும்.

என் தொழிலும் நிரப்புகிற தொழில்தான். இருபத்தாறு வருடமாகக் கலியாண வீடு, பிள்ளை பெரியவளானால் செய்கிற சாமத்திய வீடு, ஐம்பதாவது பிறந்தநாள் என்று வீடியோ எடுக்கிறேன். ஒருமுறை கோயில் காட்சிக்கும் மண்டபக் காட்சிக்கும் நடுவே நாலு விநாடி கறுப்பாக விட்டுவிட்டேன். கலை என்று நினைத்தேன். ரூஜ் பகுதியிலிருந்து பெண்ணின் தகப்பன் போன் எடுத்து, "தம்பி, உது நிண்டுபோச்சு. முழு இனசனமும் இருந்து பாக்கேக்கை நிண்டுபோச்சு" என்றார். அந்த நாலு விநாடிக்காக முழு வீடியோவையும் திருப்பிச் செய்துகொடுத்தேன். அன்றிலிருந்து என் வீடியோக்களில் இடைவெளி கிடையாது. காட்சி முடியுமுன் அடுத்த காட்சி வரும். வரத் தாமதித்தால் ரோசாப்பூ இதழ் கொட்டும்.

இப்படிப்பட்டவனிடம்தான் நூலகம் ஓர் ஆவணப்படத்தை ஒப்படைத்தது. ஸ்காபரோவில் இருந்தும் ஒருவருக்கும் தெரியாத மனிதர்களைப் பற்றிச் சின்னச் சின்னப் படங்கள். நூலகத்தில் வேலைசெய்கிற பிள்ளையின் தங்கைக்கு நான்தான் கலியாண வீடியோ எடுத்தவன். அவளுக்கு வேறு கமராக்காரரைத் தெரியாது. எனக்கு வேறு மாதிரிப் படம் தெரியாது.

படம் விளையாட்டில்லை என்பது நேர்காணல் எடுத்த அன்றுதான் தெரிந்தது. நாற்பது வருடத்துக்கு முன், எக்ளிங்டன் தெருவின் மேற்குப் பக்கத்தில் ஒரு நிலக்கீழ் அறையில், அவர் இடைக்கிடை வாசிக்கிற ஒரு குழு இசைத்தட்டுப் பதிந்தது. குழுவின் வழக்கமான பேஸ்காரர் அன்றைக்கு வரவில்லை. இவர் வாசித்தார். ஆனால் உறை ஏற்கெனவே அச்சாகிவிட்டது. அதில் வராதவரின் பெயர். அடுத்த பதிப்பில் திருத்துவோம் என்றார்கள். அடுத்த பதிப்பு வரவேயில்லை. இசைத்தட்டு மட்டும் கைக்குக் கை போய், தெரிந்தவர்கள் அதன் பேஸைப் பற்றிப் பெருமூச்சு விடுகிற அளவுக்கு வந்துவிட்டது. இப்போது வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று அதைத் திருப்பி அச்சிடப்போகிறது. அதன் ஆள் ஒருவர் படத்தைப் பார்க்க நூலகத்துக்கு வருவார். அவருக்கு நம்பிக்கை வந்தால் பெயர் மாறும். இல்லாவிட்டால் பழைய உறையை அப்படியே அடிப்பார்கள்.

அன்று அந்த அறையில் இருந்தவர்களில் அன்ரியை விட்டால் இன்று உயிரோடு இருக்கிறவர் ஒருவர், ட்ரம் அடித்தவர். வராத பேஸ்காரரின் தம்பி. அண்ணன் செத்துப்போய்க் கனகாலம். தம்பி இந்த விஷயத்தில் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை, அன்ரியின் போனையும் எடுப்பதில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை. "அந்தாளின்ரை பேர் அச்சிலை கிடக்கிற ஒரே இடம் அது. தம்பிக்காரன் எப்பிடித் தன்ரை கையாலை வெட்டுவான்?" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து படத்தை வெட்டினேன்.

அன்ரி ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே எங்கேயோ போய்வருவார். கேள்வி கேட்டால் முதலில் ஜன்னலைப் பார்ப்பார். கையைப் பார்ப்பார். ஐந்து விநாடி, எட்டு விநாடி. எனக்குக் காதில் ரூஜ் தகப்பனின் குரல் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொன்றாக நறுக்கி எறிந்தேன். இருபத்தாறு நிமிடம் இருபத்திரண்டாகச் சுருங்கியது. அன்ரி மடமடவென்று பேசினார். இரவுச் செய்தி வாசிக்கிறவர்போல் இருந்தது. வெட்டின துண்டுகளையும் மூலப்பதிவையும் அழித்து, கமரா அட்டையைத் துடைத்து, ஞாயிற்றுக்கிழமை அதே அட்டையில் ஒரு சாமத்திய வீடு எடுத்தேன். அத்தனை பெருமை எனக்கு.

வியாழக்கிழமை படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். திரையிடல் சனிக்கிழமை. அன்ரி முழுவதையும் பார்த்தார். முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் இந்த மனுசி?" என்றார் கடைசியில்.

"நீங்கள்தானே அன்ரி."

"நானில்லை. இவவை ஆரோ கலைச்சுத் துரத்திக்கொண்டு வாறாங்கள்."

பிறகு ஒரு இடத்தைத் திருப்பிப் போடச் சொன்னார். அந்த இசைத்தட்டில் பேஸ் வாசித்தது யார் என்று நான் கேட்கிற இடம். என் கேள்வி முடிகிற முன்னமே திரையில் அவர், "நான்தான்" என்றார். வகுப்பில் கையை உயர்த்திக்கொண்டு துள்ளுகிற பிள்ளைபோல. எனக்கே நம்பிக்கை வரவில்லை. நேர்காணலில் அவர் அதற்கு எவ்வளவு நேரம் எடுத்தார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. செத்துப்போன அண்ணன்காரனுக்கு ஒரு மரியாதை செய்துவிட்டு வந்ததுபோல இருந்த நேரம் அது.

"என்ரை மிச்சப் பாதி எங்கை தம்பி?"

வீட்டில் இருக்கிறது என்றேன். வீட்டில் இல்லை. காருக்குள் ஏறி, ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்து, ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருப்பதை ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டிச் சொல்லும்வரை உணராமல் இருந்தேன். அழிந்ததை மீட்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டு அன்றிரவு முழுக்க அட்டையைக் கிண்டினேன். சாமத்திய வீட்டில் தாய்மாமன் ஆடின ஆட்டம் மூன்று பிரதியாக வந்தது. அன்ரி ஒரு விநாடிகூட வரவில்லை.

மனைவி தேத்தண்ணியோடு வந்து பார்த்தாள். வீட்டுத் திறப்பைத் துலைத்திருக்கிறீர்கள், பாஸ்போர்ட்டைத் துலைத்திருக்கிறீர்கள், ஒருமுறை என்னையே கடையில் மறந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அதெல்லாம் எனக்கு விளங்கும் என்றாள். "ஆனா ஒரு மனுசர் பேசாமல் இருந்ததைப் போய் ஆரும் துலைப்பினமே?"

நாட்டை விட்டுப் போவது பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். ஏற்கெனவே ஒரு நாட்டை விட்டு வந்தவனுக்கு அது பெரிய காரியமில்லை. மனைவி வெள்ளி காலையில் என்னைக் காரில் ஏற்றி மோர்னிங்சைட்டில் இறக்கிவிட்டாள். மணியை ஒருதரம் அடித்தேன். காத்திருந்தேன். இன்னொருதரம் அடித்தேன். கதவு திறந்தது. உண்மையைச் சொன்னேன்.

கோபிப்பார் என்று பார்த்தேன். அவர் போய் அன்றைக்குக் கட்டியிருந்த அதே ஊதாத் துணியைக் கட்டிக்கொண்டு வந்து, அதே கதிரையை அதே ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். முழுவதையும் திருப்பிச் சொல்லப்போகிறாரோ என்று கேட்டேன். "சொன்னதைத் திருப்பிச் சொல்லுறேல்லை. சொன்னது சரியாத்தான் கிடக்கு. சொல்லாததைத்தான் நீ எறிஞ்சனீ. அதை எடு" என்றார்.

அப்படித்தான் என் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு மனிதர் பேசாமல் இருப்பதை நாள் முழுக்கப் படம் பிடித்தேன். வெட்டின இடங்களை எண்ணிப் பட்டியல் போட்டேன். முப்பத்தொன்று. மௌனம் எண் ஒன்று, அம்மாவைப் பற்றிக் கேட்டது. எண் இரண்டு, விமான நிலையம். எண் ஐந்து, முதல் பனி. நான் எண்ணைச் சொல்வேன். அது எதற்குப் பிறகு வந்தது என்று அவர் கேட்பார். கேட்டுவிட்டு, அன்றைக்கு இருந்தபடியே இருப்பார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரித் தெரியும் என்று நினைத்தேன். இல்லை. அம்மாவில் கை மடிக்குள் போனது. விமான நிலையத்தில் ஒருபக்கம் சிரிப்பு. "இது ஆறு எண்ணிற நேரம். நீ எட்டு விட்டனீ எண்டால் பிழையாப் போகும்" என்று என்னை எச்சரித்தார்.

பிழைவிட்டது நான்தான். ஏழாவது மௌனத்தை அவரோடு போட்டுக் கேட்டால், பின்னணியில் ஒரு ஆண் குரல், "ம்... ஓம்... ஓம் ஓம்" என்றது. ஒன்பதில் தொண்டை செருமல். பத்தில் என் வயிறு பேசியது. நான் பேசாமல் இருக்கும்போதுகூட இவ்வளவு சத்தம் போடுகிறவன் என்பது ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்தது. மனைவிக்கு முன்னமே தெரியுமாம். அன்ரி குசினிக்குள் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து, குடிக்காதே, வாய்க்குள் வைத்துக்கொள் என்றார். மிச்சம் இருபத்தொரு மௌனத்தையும் கன்னம் வீங்கிய மீன்போல நின்று எடுத்தேன்.

பதினாலாவதுதான் பேஸ் வாசித்தது யார் என்ற கேள்விக்குரியது. பட்டியலில் எண்ணைக் காட்டினேன். என்னால் சொல்லமுடியாது, வாயில் தண்ணீர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை, எதிர்க் கட்டடத்தின் சுவர். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு விநாடி. நான் தண்ணீரை விழுங்கிவிட்டேன். நல்லவேளை, அவர் திரும்பின பிறகு.

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி. நூலகத்தின் கீழ்மாடியில் ஐம்பது கதிரை. இரண்டாவது வரிசையில் கொம்பனிக்காரர், போனைத் தட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசை ஓரத்தில், ஊன்றி நடக்கிற சட்டத்தை முன்னால் நிறுத்தி, குளிர்ச் சட்டையைக் கழற்றாமல் ஒரு வயதானவர். அன்ரி காட்டிய பழைய புகைப்படத்தில் இருந்த காதுகள். ட்ரம்காரர். எழும்பி நின்று பொய் என்று கத்தப்போகிறார், கொம்பனிக்காரர் போய்விடுவார், என்னை நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள் என்று அன்ரியின் காதில் ஓதினேன். கொம்பியூட்டருக்குப் பக்கத்தில், எனக்கு அடுத்த கதிரையில் இருந்தார் அவர். ட்ரம்காரரின் பிடரியைக் கனநேரம் பார்த்தார். "வயசு போட்டுது அவனுக்கு" என்றார்.

படம் ஓடியது. முதலாவது மௌனத்தில் பின்னாலிருந்து ஒருவர் நின்றுபோச்சு என்றார். மூன்றாவதில் கதிரைகள் கிரீச்சிட்டன. ஆறு, ஏழு தாண்ட, சனம் பழகிவிட்டது. அன்ரி திரையில் ஜன்னலைப் பார்த்தால் அவர்களும் சும்மா இருந்தார்கள். நான் மட்டும் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒருதரம் செத்துப் பிழைத்தேன்.

பிறகு என் குரல். அந்த இசைத்தட்டில் பேஸ் வாசித்தது யார்?

திரையில் அன்ரி சுவரைப் பார்த்தார். மூன்று விநாடி. நாலு. கொம்பனிக்காரர் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். ஆறு. என் கை தானாகக் கொம்பியூட்டரை நோக்கிப் போனது; அடுத்ததுக்குத் தள்ளிவிட்டால் முடிந்தது. ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. கம்பியை நாற்பது வருடம் அமத்தின விரல்கள். அசையமுடியவில்லை. எட்டு.

"அவள்தான் வாசிச்சவள்."

முன்வரிசை. ட்ரம்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. திரைக்குத்தான் சொன்னார்.

"நான் பக்கத்திலை இருந்தனான். அண்ணன் அண்டைக்கு வரேல்லை."

இன்னும் இரண்டு விநாடி மிச்சம் இருந்தது, அதையும் திரையில் இருந்த மனுசி நிதானமாக முடித்துவிட்டு, "நான்தான்" என்றார். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பிறகு கைதட்டினார்கள். ட்ரம்காரர் தன் குளிர்ச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் மணிக்கட்டில் இருந்த பிடி அப்போதும் தளரவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அன்ரி அழுகிறார் என்று எழுத ஆசைதான். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்தாவது மௌனம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிறவர்போல.

முடிந்ததும் கொம்பனிக்காரர் எங்களிடம் வந்தார். புதிய உறையில் போடவேண்டும், பெயரை எப்படி எழுதுவது, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள் என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்தப் பெயர் எனக்கு மனப்பாடம். நாக்கு நுனிவரை வந்தது. மனைவி பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து முறுக்கினாள்.

அன்ரி அந்த மனிதரைப் பார்த்தார். அவருடைய பேனாவைப் பார்த்தார். பிறகு முதல் எழுத்தைச் சொன்னார். நிறுத்தினார். கொம்பனிக்காரர் அதை எழுதி, நிமிர்ந்து, அடுத்ததுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.